முல்லைத்தீவுக் கடலில் ஒரு நாள்: குளத்தில் நீந்திப் பழகியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சிப் பக்கத்து ஊரொன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் இருபது, முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவுக் கடலுக்குப் போய் வருகிறேன். விளையாட்டுக் கழகப் பெடியள், முன்பள்ளித் தாய்மார், வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் என்று எல்லா வகை ஆட்களோடும் போயிருக்கிறேன். எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். சாப்பாட்டுப் பட்டியல் போட இரண்டு நாள் செலவழிப்பார்கள். எந்த இடத்தில் கடலில் இறங்குவது என்பதை மட்டும் வான் வண்டி நின்ற இடம் தீர்மானித்துவிடும்.

வன்னியில் நம்மில் பலர் நீச்சல் பழகியது குளத்திலும் வாய்க்காலிலும். இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ வவுனிக்குளத்திலோ நன்றாக நீந்துகிறவருக்குத்தான் கடலில் ஆபத்து அதிகம், ஏனென்றால் அவர் தயங்காமல் இறங்குவார். குளத்துத் தண்ணீர் நிற்கும், நாம் நகர்வோம். கடலில் தண்ணீரும் நகரும், காலுக்குக் கீழே மண்ணும் நகரும். போதாததற்கு உப்புத் தண்ணீர் உடம்பைக் கொஞ்சம் கூடுதலாக மிதக்க வைப்பதால், தன் நீச்சல் திறமை கூடிவிட்டது போல ஒரு நினைப்பு வரும். கீழே உள்ள படிகளின் வரிசை இந்த வேறுபாட்டை வைத்துப் போட்டது. வரிசையை மாற்ற வேண்டாம்.

1. நாளைத் தேர்வு செய்யுங்கள்: காற்று முதலில், கலண்டர் பிறகு

முல்லைத்தீவுக் கரை கிழக்கைப் பார்த்தது. வாடைக்காற்று வீசும் காலத்தில், அதாவது நவம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை, கடல் நேரே கரையில் வந்து மோதும். அந்த மாதங்களில் குளிக்கப் போகவே வேண்டாம். கரையில் நின்று பார்த்துவிட்டு வரலாம். வருத்தமான விடயம் என்னவென்றால் மார்கழிப் பாடசாலை விடுமுறை சரியாக இதற்குள் வருகிறது. பிள்ளைகள் கேட்டாலும் ஓகஸ்ட் விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பொதுவாக நல்ல காலம். அதற்குள்ளும் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, சித்திரைப் புதுவருடத்தை ஒட்டிய நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகு இடிமழை வரும். அந்த நாட்களில் காலையில் குளித்து, பகல் 12 மணிக்கு முன் கரையேறி விடுங்கள். இடிச்சத்தம் கேட்டவுடன் எல்லாரும் தண்ணீரை விட்டு வெளியே வந்து வானுக்குள் ஏற வேண்டும். தனித்து நிற்கும் பனைக்குக் கீழே ஒதுங்கக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்கலாம்.

இரண்டாவது, சோளகம். இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. சோளகம் தென்மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அலையை அது அமுக்கி வைப்பதால் கரையோரக் கடல் குளம் போலத் தெரியும். ஆனால் தண்ணீருக்கு மேலே மிதக்கும் எதையும் அது ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். பந்து, ரியூப், காற்றடித்த மெத்தை எல்லாம் அப்படித்தான் போகும். பந்தின் பின்னால் நீந்திப் போகும் பிள்ளை, திரும்பி வரும்போது காற்றை எதிர்க்க வேண்டியிருக்கும். அதனால் சோளக காலத்தில் மிதக்கும் விளையாட்டுச் சாமான் ஒன்றையும் கடலுக்குள் கொண்டு போக விடாதீர்கள். போன பந்து போகட்டும் என்று வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

முதல் நாள் மாலை வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவித்தலைக் கேளுங்கள். முல்லைத்தீவை உள்ளடக்கிய கடலில் காற்று மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் வீசும் என்றால் நான் பயணத்தை நிறுத்தி விடுவேன். வானுக்குக் கொடுத்த முற்பணம் போனாலும் பரவாயில்லை.

இன்னொன்று. மே 18 (முள்ளிவாய்க்கால் நினைவு நாள்), டிசம்பர் 26 (சுனாமி நினைவு நாள்) இரண்டும் அந்தக் கரையில் துக்க நாட்கள். அன்றைக்குப் பாட்டும் பந்துமாகப் போய் இறங்காதீர்கள்.

2. இடத்தை வீட்டில் இருந்தே முடிவு செய்யுங்கள்

ஒதுக்க வேண்டிய இடங்களை முதலில் பார்ப்போம். நந்திக்கடல் களப்பு கடலோடு சேரும் வட்டுவாகல் பக்கமும், நாயாற்று முகத்துவாரமும் பார்க்க அழகு. படம் எடுக்க நல்ல இடங்கள். குளிக்க வேண்டாம். களப்புத் தண்ணீர் வெளியேறும் வாயில் ஓட்டம் எப்போதும் இருக்கும். மண் திட்டு மாறிக்கொண்டே இருப்பதால், முழங்கால் அளவில் நின்றவர் அடுத்த அடியில் ஆள் அமிழும் பள்ளத்தில் நிற்பார். போன வருடம் ஆழமில்லாமல் இருந்த இடம் என்ற பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. ஒரு வாடை போய் வந்தால் கரையின் அடிமண் வேறாகிவிடும்.

அடுத்தது கரைவலைப்பாடு. வலை வளைத்திருக்கும்போது கயிறு கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு கிடக்கும். அதற்குள் நீந்துவது ஆபத்து, அவர்களின் தொழிலுக்கும் இடைஞ்சல். படகு ஏறி இறங்கும் துறையும் அப்படியே. இயந்திரப் படகில் பின்பக்கம் நின்று ஓட்டுகிறவருக்கு, முன்னால் தண்ணீரில் இருக்கும் தலை தெரியாது.

மிஞ்சும் இடங்களில் ஆள் நடமாட்டம் உள்ளதாக ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். தனிமையான கரை வேண்டும் என்று தேடிப் போகிறவர்கள், அவசரத்துக்குக் கூப்பிட ஆளில்லாத கரையைத்தான் தேடிப் போகிறார்கள். உயிர்காப்பாளர் எவரும் இருக்க மாட்டார் என்று எண்ணியே திட்டமிடுங்கள். எச்சரிக்கைப் பலகை நட்டிருந்தால் இரண்டாவது யோசனை வேண்டாம், அங்கே இறங்காதீர்கள்.

3. ஆட்களைக் கணக்கெடுங்கள்

ஒரு கொப்பியில் மூன்று வரிசை போடுங்கள்: நீந்தத் தெரிந்தவர், தெரியாதவர், பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர். ஒரு பெரியவருக்கு இரண்டு சிறு பிள்ளைகளுக்கு மேல் கொடுக்க வேண்டாம். இந்தப் பிள்ளைக்கு இந்த ஆள் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். எல்லாரும் பார்ப்பார்கள் என்று விட்டால் ஒருவரும் பார்ப்பதில்லை. தாய் தகப்பன் பார்ப்பதாக மாமா நினைப்பார், மாமா பார்ப்பதாகத் தாய் நினைப்பார்.

கரைக்காவல் என்று இரண்டு பேரைத் தனியே குறியுங்கள். வலிப்பு, இருதய வருத்தம், தொய்வு உள்ளவர் யார் என்று முன்கூட்டியே கேட்டு எழுதுங்கள். அவர்கள் குளிக்கலாம், ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

மது பற்றி ஒரே பேச்சு: குடித்தவர் அன்றைக்குக் கடலில் கால் நனைக்கக் கூடாது. இதை வானில் ஏற முதலே எல்லாருக்கும் முன்னால் சொல்லுங்கள். கரையில் வைத்துச் சொன்னால் சண்டைதான் வரும்.

4. சாமான் கட்டுங்கள்

சாப்பாட்டுச் சாமான் நீங்கள் மறக்க மாட்டீர்கள். மறக்கிறவற்றைச் சொல்கிறேன்.

- 20 மீற்றர் நைலோன் கயிறும், மூடி இறுக்கமான 5 லீற்றர் வெற்றுக் கான்கள் இரண்டும். கயிற்றின் ஒரு முனையை ஒரு கானில் கட்டி வையுங்கள். கானுக்குள் ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டால் எறியும்போது காற்றில் அலையாமல் போகும். வன்னியில் எந்த வீட்டிலும் கிடைக்கக்கூடிய உயிர்காப்புச் சாமான் இதுதான்.
- ஒரு விசில். கடல் இரைச்சலில் கூப்பிட்ட குரல் கேட்காது.
- பெரிய சுடுதண்ணிப் போத்தல் இரண்டு. ஒன்று தேத்தண்ணிக்கு. மற்றதில் வெறும் சுடுதண்ணி, முள் குத்தினால் தேவைப்படும்.
- ஆளுக்கு 3 லீற்றர் கணக்கில் குடிதண்ணீர், நான்கைந்து ஜீவனிப் பைக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சர்க்கரைத் தூள்), தேசிக்காய், உப்பு.
- தறப்பாள் இரண்டு. ஒன்று நிழலுக்கு, மற்றது பெண்கள் உடுப்பு மாற்ற மறைப்புக்கு. கம்பும் கட்டுக் கயிறும் சேர்த்துக் கொண்டு போங்கள். கரையில் நிழல் குறைவு.
- சின்னக் கத்திரிக்கோல், துணிப்பட்டி, தொற்று நீக்கி மருந்து.
- குப்பைக்கு இரண்டு உரப்பை.

உடுப்பையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். சாறம், சாறி, நீளமான பாவாடை நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். காற்சட்டையும் ரீசேட்டும்தான் கடலுக்குச் சரி. சுரிதார் போடுகிறவர்கள் துப்பட்டாவைக் கரையில் விட்டு விடுங்கள். பிள்ளைகளுக்கு நீலம், சாம்பல், வெள்ளை வேண்டாம், தண்ணீருக்குள் அவை தெரியாது. செம்மஞ்சள், சிவப்பு, பளிச்சிடும் பச்சை நல்லது. எங்கள் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நிறத்தில் ரீசேட் போடுகிறோம். எண்ணுவது இலகு.

5. நேரத்துக்குப் புறப்படுங்கள்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக ஏறக்குறைய 50 கிலோமீற்றர். பரந்தனிலிருந்து வருகிறவர்கள் விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக ஏ-35 வீதியில் வரலாம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலை ஒட்டிய நாட்களில் வீதி நிறைந்து கிடக்கும், அதற்கேற்ப நேரம் கூட்டுங்கள்.

காலை 7 மணிக்குக் கரையில் நிற்பது போலப் புறப்படுங்கள். 7 முதல் 10 வரை ஒரு குளிப்பு, விரும்பினால் பின்னேரம் 3.30 முதல் 5 வரை இன்னொன்று. நடுப்பகலில் நிழலில் இருங்கள்.

காலையில் ஒரு குறை உண்டு. வெய்யில் கடலுக்கு மேலால் நேரே முகத்தில் அடிக்கும். தண்ணீரில் இருக்கும் தலைகள் கறுப்புப் புள்ளிகளாக மட்டும் தெரியும், யார் எவர் என்று பிடிபடாது. கரைக்காவல் செய்கிறவருக்கு விளிம்புள்ள தொப்பி கட்டாயம். பின்னேரம் வெய்யில் முதுகுப் பக்கம் போய்விடும், கடல் தெளிவாகத் தெரியும். ஆனால் காற்று அதற்குள் கூடியிருக்கலாம். சிறு பிள்ளைகள் அதிகமென்றால் காலைக் குளிப்போடு முடித்துக் கொள்வதே என் வழக்கம்.

6. சாமான் இறக்க முதல் 20 நிமிடம் கடலைப் பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம். வான் நின்றதும் பிள்ளைகள் ஓடுவார்கள். அதனால் எல்லாரும் வானுக்குள்ளேயே இருக்க, இரண்டு பேர் மட்டும் இறங்கிப் போங்கள். சாமான் இறக்கி, அடுப்பும் மூட்டிய பிறகு இந்த இடம் சரியில்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

உயரமான மண்மேட்டில் நின்று, கரைக்கு இணையாக இரண்டு பக்கமும் பாருங்கள். அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்பதுதான் கேள்வி. வெள்ளையாக நுரைத்து உடையும் இடத்தில் அடியில் மண் திட்டு உண்டு. இரண்டு நுரைகளுக்கு நடுவே கருமையாக, அமைதியாக, அலை உடையாமல் ஓர் இடைவெளி தெரிந்தால் அங்கேதான் இழுவை. கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. புதிதாக வருகிறவர்கள் அலை இல்லாத இடம் நல்லது என்று நினைத்து நேரே அதற்குள்தான் பிள்ளையை இறக்குகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் ஓர் இடத்தைக் காட்டினேன். வலை பொத்திக்கொண்டிருந்த ஓர் ஐயா எழும்பி வந்து மறித்தார்.

இழுவைக்கு வேறு அடையாளங்களும் உண்டு. கலங்கிய மண்ணிறத் தண்ணீர் கரையிலிருந்து வெளியே நீளும். நுரையும் குப்பையும் கடலை நோக்கி நகரும். கரைமண் அந்த இடத்தில் உள்வாங்கி வளைந்திருக்கும். ஐமிச்சமாக இருந்தால் ஒரு காய்ந்த தடியை எறிந்து ஐந்து நிமிடம் பாருங்கள். கரைக்கு வந்தால் நல்லது. பக்கவாட்டில் ஓடினாலோ வெளியே போனாலோ இடத்தை மாற்றுங்கள். இங்கே வற்றுப்பெருக்கின் அளவு சிறிதுதான். காற்றும் அலையும்தான் மணிக்கு மணி கடலை மாற்றுகின்றன, எனவே பின்னேரக் குளிப்புக்கு முன் இதையே திரும்பவும் செய்யுங்கள்.

பிறகு மீனவர் தங்கும் வாடிப் பக்கம் போய்த் தொழிலாளி ஒருவரிடம் கேளுங்கள்: “அண்ணை, பிள்ளையளோட வந்திருக்கிறம். எதாலை இறங்கினால் நல்லது?” நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்காமல் எதாலை என்று கேட்டால், கையை நீட்டி இடத்தைக் காட்டுவார்கள். “அங்காலை போங்கோ தம்பி, இதிலை இழுக்கும்” என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் அங்காலை போங்கள்.

7. எல்லை குறித்துக் காவலை நிறுத்துங்கள்

கரையில் இரண்டு தடி நட்டு, நிறத்துணி கட்டுங்கள். குளிப்பு அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும். கடல் ஆட்களை மெல்ல மெல்லப் பக்கவாட்டில் கொண்டு போகும், குளிக்கிறவருக்கு அது தெரியாது. தடியைத் தாண்டியவருக்கு ஒரு விசில். நீண்ட மூன்று விசில் என்றால் எல்லாரும் கரைக்கு.

ஆழ எல்லை பெரியவருக்கு இடுப்பு, பிள்ளைகளுக்கு முழங்கால். கழுத்தளவில் நின்று குளிக்கலாமே என்று இளைஞர் கேட்பார்கள். இடுப்பளவில் கால் மண்ணில் ஊன்றும். நெஞ்சளவுக்கு மேல் போனால் அடுத்த அலை காலைத் தூக்கிவிடும்.

காவல் இருவரும் 30 நிமிடத்துக்கு ஒருக்கால் ஆள் மாற வேண்டும். காவலில் போன் பார்க்கக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. தாழ்கிறவர் கையை ஆட்டிக் கூப்பிடுவார் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் சத்தமே இருக்காது. தலை பின்னுக்குச் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில், ஏணி ஏறுவது போலக் கை அசையும். விளையாடுகிறார் என்றுதான் பக்கத்தில் நிற்பவர் நினைப்பார்.

8. இறங்குங்கள்

முதலில் நீந்தத் தெரிந்த இரண்டு பெரியவர்கள் இறங்கி, எல்லைக்குள் அங்குமிங்கும் நடந்து பள்ளம் உண்டா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு பிள்ளைகள். காலைத் தூக்கி வைக்காமல் மண்ணில் தேய்த்துக்கொண்டு நடக்கப் பழக்குங்கள். மண்ணுக்குள் படுத்திருக்கும் திருக்கை அந்த அசைவுக்கு விலகிப் போய்விடும்.

கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டாம். தலைகீழாகப் பாய்வது குளக்கட்டில் பழகிய பழக்கம். அலைக்குக் கீழே மண் திட்டு இருந்தால் கழுத்து முறியும். 20 நிமிடத்துக்கு ஒருக்கால் எல்லாரையும் கரைக்கு அழைத்து எண்ணி, தண்ணீர் குடிக்க வையுங்கள்.

9. இழுவையில் அகப்பட்டால்

இதைக் கரையில் வைத்து எல்லாருக்கும் வாயால் சொல்லிக் காட்டுங்கள், பிள்ளைகளைத் திருப்பிச் சொல்ல வையுங்கள்.

இழுவை ஆளை அடியில் அமிழ்த்தாது, வெளியே கொண்டு போகும். அமிழ்வது களைப்பால். வலுத்த இழுவை வினாடிக்கு 2 மீற்றர் வேகத்தைத் தொடும். ஒலிம்பிக் நீச்சல் வீரரின் வேகமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே கரையை நோக்கி நேரே நீந்துவது வீண். மல்லாந்து மிதந்து நிதானமாக மூச்சு விடுங்கள். ஒரு கையை உயர்த்துங்கள். இழுக்கும் பாதை பெரும்பாலும் ஒடுக்கமானது, அதனால் கரைக்கு இணையாக, அலை வெள்ளையாக உடையும் பக்கம் பார்த்து நீந்துங்கள். அந்த அலையே பிறகு உங்களைக் கரைக்குத் தள்ளும். நீந்த முடியாவிட்டால் மிதந்துகொண்டே இருங்கள், அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் பெரும்பாலும் இழுப்புக் குறையும்.

கரையில் நிற்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: வெறுங்கையோடு பாயாதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேர், மூன்று பேர் போன வீடுகள் நம் மாவட்டங்களில் உண்டு. தாழ்கிறவர் கையில் அகப்பட்டதைப் பிடித்து அமுக்குவார், அண்ணன் தம்பி என்று பார்க்க அவரால் முடியாது. கானை எறியுங்கள். கயிறு எட்டாவிட்டால் கயிறில்லாத கானை எறியுங்கள், பிடித்து மிதக்கட்டும். ஒருவர் விரலால் ஆளைக் காட்டியபடியே கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். ஒருவர் வாடிக்கு ஓடிப் படகு கேட்க வேண்டும். ஒருவர் 1990 அம்புலன்சுக்கு அழைக்க வேண்டும். 119 பொலிஸ்.

10. கரைக்குக் கொண்டு வந்த பிறகு

காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊர்ப் பழக்கம். இரண்டும் தீங்கு. வயிற்றில் உள்ளது வாயால் வந்து மூச்சுக்குழாய்க்குள் போகும், மூச்சுக் கொடுக்க வேண்டிய நேரமும் வீணாகும்.

மூச்சு இல்லையென்றால் மல்லாந்து கிடத்தி, நாடியை (முகவாயை) உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து மூச்சு ஊதுங்கள். நெஞ்சு எழும்ப வேண்டும். அசைவு வராவிட்டால் நெஞ்சின் நடுவில் 30 தடவை அமுக்கி, 2 மூச்சு. பெரியவருக்கு 5 சென்ரிமீற்றர் ஆழம் இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம், ஆள் மாறி மாறிச் செய்யுங்கள். மூச்சு இருந்து நினைவு இல்லையென்றால் பக்கவாட்டில் திருப்பிக் கிடத்துங்கள்.

11. சொறி, முள், இரும்பு

சொறி (ஜெலிமீன்) பட்டால் மண் போட்டுத் தேய்க்க வேண்டாம், நல்ல தண்ணீரும் ஊற்ற வேண்டாம். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் நூல்களைத் தடியால் எடுங்கள். திருக்கையோ கெளிறோ குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் சுடுதண்ணிக்குள் காலை வையுங்கள், வலி நன்றாகக் குறையும். சூட்டை முதலில் இன்னொருவர் கை வைத்துப் பார்க்க வேண்டும். முள் உள்ளே முறிந்திருந்தால் வைத்தியசாலைக்குப் போங்கள். வலையில் கழித்துவிட்ட கெளிறுகள் காய்ந்து மண்ணில் கிடக்கும், எனவே தண்ணீர் ஓரம் வரைக்கும் செருப்போடு நடங்கள்.

நம் மண்ணுக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. மண்ணுக்குள் தெரியும் இரும்பு, குழாய், பெட்டி எதையும் பிள்ளைகள் தொடக் கூடாது. மிதிவெடிப் பலகை உள்ள பற்றைப் பக்கம் ஒதுங்கவும் போக வேண்டாம். அடுப்பு மூட்டுவதானால் கல்லுக்கு மேலே, வெறும் மண்ணில் குழி தோண்டாமல் மூட்டுங்கள். குப்பையைக் குவித்து எரிக்க வேண்டாம். ஏதாவது தெரிந்தால் இடத்தை அடையாளம் வைத்து 119க்குச் சொல்லுங்கள்.

12. சாப்பிட்டு, இருட்ட முதல் திரும்புங்கள்

பெரிய சாப்பாடு குளிப்பு முடிந்த பிறகு. மீன்குழம்பும் சோறும் வயிறு நிறையச் சாப்பிட்டவர் நிழலில் படுக்கட்டும். குளிப்புக்கு முன் பணிசோ வாழைப்பழமோ போதும்.

5 மணிக்குக் கடைசி விசில். கிழக்குக் கரையில் வெய்யில் நமக்குப் பின்னால் சாய்வதால் தண்ணீர் விரைவாக மங்கிவிடும். திரும்பும் வீதியில் இருட்டினால் மாடுகள் படுத்துக் கிடக்கும், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் யானையும் வரலாம். கொப்பியை எடுத்துப் பெயர் வாசித்து எண்ணி, உரப்பைகளை ஏற்றி, வானை எடுங்கள்.

அன்றிரவு ஒரு வேலை மிச்சம். தண்ணீர் குடித்து இருமிய பிள்ளை யாரென்று தாய்க்குச் சொல்லிவிடுங்கள். இருமல் நிற்காவிட்டாலோ, மூச்சு வேகமாக வந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். கரையில் மூச்சுக் கொடுத்து எழுப்பிய ஒருவர் எவ்வளவு தெளிவாகக் கதைத்தாலும், கரையிலிருந்து நேரே வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும்.